சரக்கு யாருது?

நெறிமுறைக் குழுவில் ஒரு சாதாரண மனிதர் இருக்க வேண்டும் என்பது விதி. புது மருந்தையும் புது சிகிச்சையையும் மனிதர்கள்மேல் சோதித்துப் பார்ப்பதற்கு முன்னால் அனுமதி கொடுக்கிற குழு அது. சில டாக்டர்கள், ஒரு மருந்தியல் பேராசிரியர், ஒரு வக்கீல், அவர்களோடு மருத்துவம் தெரியாத ஓர் ஆள். அந்த ஆளுக்கு விதி எதிர்பார்க்கும் தகுதி தெரியாமல் இருப்பதுதான். கேட்க எளிதாக இருக்கும். தேடிப் பார்த்தால் தெரியும், நம் ஊரில் மருத்துவம் தெரியாத ஆள் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று.

நான் மருத்துவமனை நிர்வாக அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன். வேலூருக்கும் ராணிப்பேட்டைக்கும் நடுவில் ஓர் அறக்கட்டளை நடத்தும் மருத்துவமனை. வேலூர் என்றதும் உங்களுக்கு ஞாபகம் வருகிற அந்தப் பெரிய மருத்துவமனை இல்லை இது. எங்கள் பெயரைச் சொன்னால் ஆட்டோக்காரர் இரண்டு முறை கேட்டுவிட்டுத்தான் வண்டியை எடுப்பார். விதிகள் எனக்கு மனப்பாடம் என்பதால் நெறிமுறைக் குழுவின் செயலர் வேலையையும் என் தலையில் கட்டியிருந்தார்கள். ஓய்வு பெற்ற பிறகும் அதை மட்டும் திருப்பி வாங்கிக்கொள்ள யாரும் முன்வரவில்லை.

முதலில் எங்களிடம் இருந்த சாதாரண மனிதர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். கூட்டம் தொடங்கியதும் கண்ணை மூடுவார், காபி வந்ததும் திறப்பார், "எனக்கு ஆட்சேபணை இல்லை" என்பார். குறை சொல்ல முடியாத உறுப்பினர். அவர் மகள் வீட்டோடு கோயம்புத்தூர் போய்விட்டதால் அந்த இடத்துக்கு இவர் வந்தார்.

இவரை எங்களுக்கு அறிமுகப்படுத்தியது ஒரு பித்தப்பை. மேல்விஷாரத்துக்காரர். ராணிப்பேட்டையில் சின்னதாக ஒரு தோல் பினிஷிங் யூனிட் வைத்திருந்தார். அவர் மனைவிக்கு எங்களிடம் அறுவை சிகிச்சை நடந்தது. நன்றாகவே நடந்தது. வீட்டுக்குப் போகிற அன்று காலையில் என் அறைக்கு வந்து நின்று, எடுத்த பை எங்கே என்று கேட்டார். பரிசோதனைக்குப் போயிருக்கிறது, அது முடிந்ததும் அழித்துவிடுவார்கள் என்றேன். யாரைக் கேட்டு என்றார். அதில் கோபமே இல்லை. கடையில் மீதிச் சில்லறைக்குக் கை நீட்டுகிறவரின் குரல்.

அறுவை சிகிச்சைக்கு முன்னால் அவர் கையெழுத்துப் போட்ட தாளை எடுத்துக் காட்டினேன். அழிப்பதற்குச் சம்மதம் என்ற வரி அதில் இருந்தது. நின்றபடியே படித்தார். தாளின் மூலையை மடித்து, மடிப்பைக் கட்டைவிரலால் நீவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"கையெழுத்து என்னுது சார். பை அவளோடது."

கடைசியில் கற்களை மட்டும் ஒரு சின்ன புட்டியில் போட்டுக் கொடுத்தோம். பெற்றுக்கொண்டதற்கு ரசீது எழுதித் தரட்டுமா என்று அவரே கேட்டார். எங்கள் இயக்குநர் இந்தக் கதையைக் கேட்டுச் சிரித்துவிட்டு, இந்த ஆள் என்றைக்காவது நம்மேல் கேஸ் போடுவார், அதற்குள் கமிட்டியில் போட்டுவிடலாம் என்றார். மருத்துவமனைகளில் பல நியமனங்கள் இதைவிட மோசமான காரணங்களுக்காக நடந்திருக்கின்றன.

எல்லாரும் அவரைப் பாய் என்றுதான் கூப்பிட்டோம். வெள்ளைச் சட்டை, மேல் பொத்தான் வரை போட்டிருப்பார். அத்தர் வாசனைக்குக் கீழே டேனரி வாசனை ஒன்று மெல்ல இருந்துகொண்டே இருக்கும். இரண்டும் சேர்ந்து வாழப் பழகிக்கொண்டவை. கூட்டத்துக்கு முதல் ஆளாக வருவார். எந்தத் தாளைக் கொடுத்தாலும் முதலில் அந்த மூலை மடிப்பு. தோலை மடித்துப் பார்த்தால் பூச்சு வெடிக்கிறதா என்று தெரியுமாம். தாளில் என்ன தெரியும் என்று வக்கீல் ஒருமுறை கேட்டார். பழக்கம் சார், கை சும்மா இருக்காது என்றார்.

முதல் கூட்டத்தில் வந்தது ஒரு சர்க்கரை மாத்திரை ஆய்வு. நோயாளிகளிடம் எடுக்கும் ரத்தத்தில் மிஞ்சுவதை எதிர்கால ஆராய்ச்சிக்காகக் குளிரில் வைத்திருப்போம் என்று ஒரு வரி. நாங்கள் நூறு தடவை பார்த்து நகர்ந்த வரி. பாய் அங்கே நிறுத்தினார்.

"சரக்கு யாருது?"

இது சரக்கு இல்லை பாய், ரத்தம் என்று மருந்தியல் பேராசிரியர் பொறுமையாகச் சொன்னார்.

"ரத்தம்தான் சார். யாருது?"

அன்றிலிருந்து அவர் தவணை முடியும்வரை அந்தக் கேள்வி வராத கூட்டம் கிடையாது. கூட்டத்தில் மிஞ்சும் பிஸ்கட்டுக்குக்கூட அவர் உரிமையாளரைத் தேடினார். ஆய்வு நடத்தும் கம்பெனி வாங்கித் தந்தது என்று தெரிந்தால் தொடமாட்டார். மருத்துவமனைக் கேன்டீனிலிருந்து வந்தது என்றால் இரண்டு எடுத்துக்கொள்வார். டாக்டர்கள் அவருக்கு முதுகுக்குப் பின்னால் ஒரு பெயர் வைத்திருந்தார்கள். ஓனர் பாய்.

அந்தக் கேள்வி அவர் தொழிலிலிருந்து வந்தது. தோல் வியாபாரிகளில் நிறையப் பேருக்குச் சொந்தமாக யூனிட் கிடையாது. தோலை வாங்கி இவர் மாதிரி ஒருவரிடம் கொடுப்பார்கள். இவர் சாயம் ஏற்றி, பூச்சு கொடுத்து, இஸ்திரி போட்டுத் திருப்பிக் கொடுப்பார். ஜாப் ஒர்க் என்பார்கள். தோல் இவர் இடத்தில் கிடக்கும், இவர் டிரம்மில் சுற்றும், இவர் ஆட்கள் கையில் புரளும். ஆனால் ஒரு நிமிஷம்கூட இவருடையது ஆகாது. தோலைச் செதுக்கும்போது விழும் தூளையும் ஓரத் துண்டுகளையும் வேலை செய்கிறவர் வைத்துக்கொள்வது ஊர் வழக்கம். பாய் அதையும் கோணியில் கட்டித் திருப்பி அனுப்பினார். வியாபாரிகளுக்கு அது பெரிய பேஜார். சென்னை பெரியமேட்டு வியாபாரி ஒருவர் லாரியையே திருப்பி அனுப்பினார். பாய் மறுபடி அனுப்பினார். நேர்மையான மனிதரோடு வியாபாரம் செய்வது எவ்வளவு இடைஞ்சல் என்று அவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

அந்த யூனிட்டுக்கு நான் ஒரே ஒருமுறை போனேன், மறுநியமனத் தாளில் கையெழுத்து வாங்க. வாசலில் ஆம்பூரிலிருந்து வந்த ஒரு வியாபாரி அவரைத் திட்டிக்கொண்டிருந்தார். ஒரு லாட் முழுக்கச் சாயம் திட்டுத் திட்டாக ஏறிவிட்டதாம். பாய் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தலையை லேசாகச் சாய்த்து, பாட்டுக் கேட்கிற மாதிரி நின்றிருந்தார். வியாபாரிக்கு மூச்சு வாங்கியதும் இருவரும் சேர்ந்து டீ குடித்தார்கள். பிறகுதான் பாய் அந்தத் தோல்களை வெட்டிப் போடச் சொன்னார். போனிலேயே சொல்லி முடித்திருக்கலாமே என்று கேட்டேன்.

"கெட்ட சரக்க ஓனர் பாக்காம தூக்கிப் போடக் கூடாது சார். வந்து பாக்கட்டும். திட்டணும்னா திட்டட்டும். அது அவருக்குச் சேர வேண்டியது."

திட்டாமல் போனால் என்று கேட்டேன்.

"அப்பதான் எனக்குத் தூக்கம் வராது," என்றார்.

இப்படிப்பட்டவரின் முன்னால்தான் அந்தக் கூட்டாய்வு வந்தது.

புற்றுநோய்க்கு நாம் இதுவரை வெளியிலிருந்து மருந்தை ஏற்றினோம். இந்தச் சிகிச்சையில் நோயாளியின் ரத்தத்திலிருந்தே எதிர்ப்பு அணுக்களைப் பிரித்து எடுப்பார்கள். புற்றணுவை அடையாளம் கண்டு தாக்குகிற திறமையை ஆய்வகத்தில் அவற்றுக்குள் புகுத்துவார்கள். அவற்றைப் பெருக்கி, ஒரு பையில் அடைத்து உறையவைத்து, அதே நோயாளிக்குத் திரும்ப ஏற்றுவார்கள். செய்யும் வித்தையைக் கண்டுபிடித்தவர்கள் ஓர் ஆராய்ச்சி நிலையத்து விஞ்ஞானிகள். அதைச் செய்து தரும் ஆய்வகம் பெங்களூரில் ஒரு கம்பெனியிடம் இருந்தது. எங்களிடம் நோயாளிகள் இருந்தார்கள். விஞ்ஞானமும் தொழிலும் கைகோத்தல் என்று விழாக்களில் பேசுவது இதைத்தான்.

எங்கள் ரத்தநோய் டாக்டர் குழுவுக்கு இதைப் படம் போட்டு விளக்கினார். முடித்ததும் பாய் தலையை ஆட்டினார்.

"ஜாப் ஒர்க்."

கம்பெனி சார்பில் வந்திருந்த பெண்மணிக்கு முகம் சுருங்கியது. ஓசூர்க்காரர், விஞ்ஞானம் படித்துவிட்டுக் கம்பெனியில் தரப் பிரிவின் தலைமைக்கு வந்தவர். பல வருட உழைப்பை ஒருவர் ராணிப்பேட்டை பூச்சு வேலையோடு சேர்த்துவிட்டதை அவர் ரசிக்கவில்லை. ஆனால் டாக்டர் அந்தச் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டார். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டிலிருந்து வரும் நோயாளிகளிடம் அதையே சொன்னார். உங்க சரக்கு பெங்களூர் போகுது, வேலை முடிஞ்சு உங்களுக்கே திரும்பி வரும். நோயாளிகளுக்கென்று அச்சடித்த கையேடு விளக்காததை அது விளக்கியது. விளக்காததும் உண்டு: பூச்சு ஏறிய தோல் திரும்பி வந்து சொந்தக்காரரைக் கடிப்பதில்லை, இந்த அணுக்கள் சில சமயம் கடிக்கும். டாக்டர் அதையும் சொன்னார். அதை யாரும் அவ்வளவாக ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை.

மூன்று தரப்பும் கையெழுத்துப் போடும் ஒப்பந்தம் குழுவின் முன் வந்தது. வித்தை யாருக்குச் சொந்தம், தரவு யாருக்குச் சொந்தம், ஆய்வுக் கட்டுரையில் யார் பெயர் முதலில் என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்கள். அணுக்களைப் பற்றி ஒரே வரி. தரத்தில் தேறாத பையைக் கம்பெனி தன் இடத்திலேயே அழித்துவிடும்.

பாய் மூலையை மடித்தார்.

கம்பெனிப் பெண்மணி சொன்ன காரணம் நியாயமானதுதான். தேறாத பையை வெளியே விட்டால் ஆசையில் யாராவது ஏற்றிவிடுவார்கள், ஆள் போய்விட்டால் பொறுப்பு எங்களுடையது என்றார். ஏற்றச் சொல்லவில்லை, ஓனரிடம் சொல்லாமல் அழிக்க வேண்டாம் என்றுதான் சொல்கிறேன் என்றார் பாய். தேறவில்லை என்றால் அன்றைக்கே தெரிவிக்க வேண்டும். அழிக்கிறதாக இருந்தால் அவருக்குத் தெரிந்து, அவர் விரும்பினால் அவர் முன்னால் அழிக்க வேண்டும். அதுவரை பை பத்திரமாக இருக்க வேண்டும்.

இது எங்கள் குழு பேச வேண்டிய விஷயம்தானா என்று எனக்குச் சந்தேகம். விதியைச் சொன்னேன். ஓட்டுக்கு விட்டிருந்தால் முதல் நாளே முடிந்திருக்கும். ஆனால் குழுத் தலைவருக்கு ஒருமித்த முடிவில் ஆசை. வக்கீலுக்கோ வாதத்தில் ஆசை; அவர் பாய் பக்கம் சாய்ந்தார். பேராசிரியரும் சாய்ந்தார். அதனால் அது குழுவின் முடிவாயிற்று, தனி ஆளின் முடிவு அல்ல. விதிப்படி அப்படித்தான். ஒரு வரியை மாற்ற மூன்று தரப்பின் மூன்று வக்கீல்கள் மூன்று ஊர்களில் உட்கார்ந்தார்கள். மழைக்காலத்தில் கிளம்பிய தாள் பொங்கல் தாண்டித்தான் திரும்பி வந்தது.

அந்த இடைவெளியில் வார்டில் ஒருவர் காத்துக்கொண்டிருந்தார்.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் கட்டர். தோலை மேசைமேல் விரித்து, தழும்பையும் ஓட்டையையும் விலக்கி, ஒரே தோலில் எத்தனை ஜோடிக்குத் துண்டு எடுக்க முடியுமோ அத்தனை எடுப்பது கட்டரின் வேலை. மிச்சம் எவ்வளவு கம்மியாக விழுகிறதோ அவ்வளவு நல்ல கட்டர். இவர் அந்த லைனிலேயே பேர் போனவராம். மனைவியும் அதே கம்பெனியில் தையல் பிரிவில் இருந்தார். கழுத்தில் நெறிகட்டி போல ஆரம்பித்த புற்று, இரண்டு விதமான கீமோவுக்கும் அடங்கவில்லை. இந்தச் சிகிச்சைதான் மிச்சம். டாக்டர் ஜாப் ஒர்க் கதையைச் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றுதான்.

"டெலிவரி எப்போ டாக்டர்?"

டாக்டர் இதை என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். அடுத்த முறை சொல்லும்போது சிரிப்பில்லை. உங்க பாய்கிட்ட கொஞ்சம் சொல்லுங்க சார், ஒரு வரிக்காக ஒரு ஆளு படுத்துக்கிடக்கறாரு என்றார். நான் போனில் பாயிடம் சொன்னேன். கட்டர் கேட்டதையும் சொன்னேன். போய்ப் பார்க்கலாமா என்றார். குழு உறுப்பினர் நோயாளியைத் தனியாகச் சந்திக்கக் கூடாது என்றேன். சரி என்றார். வரியை விட்டுக்கொடுக்கிறீர்களா என்று கேட்டேன்.

"அவருக்காகத்தானே சார் கேக்கறேன்," என்றார். "அவருது போய் அவருக்கே தெரியலன்னா?"

கம்பெனி ஒத்துக்கொண்டது. பாய் கேட்ட வரி ஒப்பந்தத்தில் ஏறியது. குழு அனுமதி கொடுத்தது. அதற்குள் நோயைப் பிடித்து நிறுத்தக் கட்டருக்கு இன்னொரு சுற்று கீமோ கொடுத்திருந்தார்கள். பிறகு அவருடைய அணுக்களை எடுத்து, உறையவைத்து, பெங்களூருக்கு அனுப்பினார்கள்.

தேறவில்லை. அணுக்கள் வேண்டிய அளவுக்குப் பெருகவில்லை, பெருகியவற்றிலும் உயிரோடு இருந்தவை எல்லைக்குக் கீழே. கம்பெனிப் பெண்மணி வரியில் சொன்னபடி அன்றைக்கே போன் செய்தார். அந்த வரி இல்லாதிருந்தால் பை அன்றைக்கே அழிந்திருக்கும். அதையும் சொல்லியாக வேண்டும். குழு அவசரமாகக் கூடியது. ஏன் இப்படி ஆயிற்று என்று தலைவர் கேட்டார். நடுவில் கொடுத்த கீமோவில் அணுக்கள் தளர்ந்துபோயிருக்கலாம், முன்பே எடுத்திருந்தால் ஒருவேளை, என்று டாக்டர் மேசையைப் பார்த்துச் சொன்னார். யாரையும் பார்க்கவில்லை. பாய் டாக்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏற்றலாமா வேண்டாமா என்ற பேச்சு வந்தது. கம்பெனிப் பெண்மணி மறுப்பார் என்று நினைத்தேன்.

"எங்க ஸ்டாண்டர்டுல தேறல. ஆனா செத்த சரக்கு இல்ல," என்றார்.

சரக்கு என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. பாயின் முறை வந்தபோது, ஓனரக் கேளுங்க என்று மட்டும் சொன்னார். டாக்டர் ஏற்கெனவே கேட்டிருந்தார். கட்டர் சொன்ன பதில்: ஷூவுக்கு மேல்தோலா ஆகலன்னா உள்ள லைனிங்குக்கு ஆகும் டாக்டர், ஏத்துங்க.

தேறாத பையை ஏற்றுவதற்கு மேலிடத்தில், மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில், தனி அனுமதி வாங்க வேண்டும். விண்ணப்பம் போனது. அவர்கள் கேள்வி கேட்டார்கள், நாங்கள் பதில் எழுதினோம். அங்கே யாரும் சோம்பி உட்கார்ந்திருக்கவில்லை, நானும் உட்காரவில்லை. எல்லாம் அது அது எடுக்க வேண்டிய நேரத்தை எடுத்தது. அனுமதி வந்ததும் ஏற்றிவிடலாம் என்று நைட்ரஜன் உருளையில் பையை எங்கள் ஊருக்கே கொண்டுவந்து வைத்தார்கள். கட்டருக்கு நுரையீரலில் சளி கட்டியது. கீமோ வாங்கிய உடம்பு, தாங்கவில்லை. அவர் போன பிறகு அனுமதி வந்தது. நல்ல அனுமதி, எல்லா நிபந்தனைகளையும் தெளிவாக எழுதியிருந்தார்கள்.

நோயாளி இறந்துவிட்டதால் பையை விதிப்படி அழிக்கலாம் என்று கம்பெனியிலிருந்து மின்னஞ்சல் வந்தது. மரபணு மாற்றிய அணுக்கள். யாரிடமும் கொடுத்தனுப்ப முடியாது, ஆட்டோகிளேவில் வேகவைத்து அழித்தாக வேண்டும். அது எனக்குத் தெரியும். பாய்க்கும் சொன்னேன்.

"ஓனர் போய்ட்டாரு," என்றார். "ஓனரம்மா இருக்காங்கல்ல சார்?"

காரியம் முடிந்து அந்த அம்மா வந்தார். அரைநாள் பர்மிஷன் போட்டுவிட்டு வேலையிலிருந்து நேராக வந்திருந்தார். கம்பெனி அடையாள அட்டை கழுத்திலேயே தொங்கியது. மருத்துவமனைக்குப் பின்பக்கம், சலவைக் கூடத்தை ஒட்டி ஆட்டோகிளேவ் அறை. நான், டாக்டர், டெக்னீஷியன், பாய். பாய் வரக் கூடாது என்று சொல்லியிருந்தேன். வந்து சுவரோரம் நின்றார், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு.

டெக்னீஷியன் தடிக் கையுறை போட்டு உருளையிலிருந்து பையைத் தூக்கினார். உள்ளங்கை அளவு. மேலே உறைபனி பூத்து, கொஞ்சம் புகை மாதிரி இறங்கியது. அந்த அம்மா கிட்டே போய்ப் பார்த்தார்.

"இவ்ளோதானா?"

இவ்வளவுதான் என்றார் டாக்டர்.

பாய் சுவரைவிட்டு முன்னால் வந்தார். தான் யார் என்று சொன்னார். அனுமதித் தாளில் ஒரு வரி சரியில்லை என்று பிடித்து வைத்தது தான்தான் என்றார். அதனால் நாள் ஆகிவிட்டது, ஆனதால்தான் இது இப்படிப் போயிருக்கலாம் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள் என்றார். நான் குறுக்கிட்டேன். அது குழுவின் கூட்டு முடிவு, எந்த உறுப்பினரும் தனியாகப் பொறுப்பாளி ஆகமாட்டார் என்று அந்த அம்மாவுக்கு விளங்கும்படி சொன்னேன்.

"அது உங்க விதி சார்," என்றார் பாய். பிறகு அவரிடம், "திட்டணும்னா திட்டுங்கம்மா," என்றார்.

அந்த அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார். குரலை உயர்த்தவில்லை.

"அப்டி புடிச்சி வெச்சி இன்னா பாய் கெடச்சிது?"

"இதுதான்மா. உங்களுக்குச் சொல்லாம இத அழிக்க முடியாது. நீங்க இங்க நிக்கறீங்க இல்ல, அது."

"இது எனக்கு எதுக்கு?"

பாய் கைகளை மறுபடி பின்னால் கட்டிக்கொண்டார். டாக்டர் தரையைப் பார்த்தார். டெக்னீஷியனுக்குக் கை வலித்திருக்க வேண்டும், பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

அந்த அம்மா பையைத் திரும்பப் பார்த்தார். யாரிடம் என்றில்லாமல் சொன்னார்.

"அவரு கையில குடுத்திருந்தா, இதுலயே ஒரு ஜோடி தேத்தியிருப்பாரு."

பிறகு, "போடுங்க சார்," என்றார்.

போட்டார்கள். கதவை மூடித் திருகினார்கள். சூடேறி, ஆவி பிடித்து, அடங்கும்வரை அவர் நின்றார். பாயும் நின்றார். இருவருக்கும் நடுவில் நாலு பேர் நிற்கிற இடம் இருந்தது. எல்லாம் முடிந்ததும் அந்த அம்மா டாக்டருக்கு மட்டும் தலையை அசைத்துவிட்டுப் போனார். ஆம்பூர் பஸ்ஸுக்கு நேரம் ஆகியிருந்தது. பாயைத் திட்டவில்லை.

நான் பாயை வாசல்வரை கொண்டுவந்து விட்டேன். ஏதாவது சொல்ல வேண்டும் என்று, பெரிய மனசுக்கார அம்மா என்றேன். பாய் வேட்டி முனையைச் சரிசெய்துகொண்டார்.

"மனசு இல்ல சார். திட்டறதுக்குக்கூட என்னை ஒரு ஆளா எடுத்துக்கல," என்றார்.

அன்று எந்தெந்த விதி மீறப்பட்டது என்று கேட்டால் வரிசையாகச் சொல்வேன். யாரும் கேட்கவில்லை. அது மினிட்ஸ் எழுத வேண்டிய கூட்டமும் அல்ல.

அந்த வரி இன்றைக்கும் இருக்கிறது. கம்பெனி அதன் பிறகு வேறு மருத்துவமனைகளோடு போட்ட ஒப்பந்தங்களிலும் அதே வரி நல்ல ஆங்கிலத்தில் ஏறியிருப்பதாக அந்தப் பெண்மணியே சொன்னார். நோயாளியின் உரிமைக்கு மதிப்பளிக்கும் முன்மாதிரி என்று ஒரு கருத்தரங்கில் யாரோ பாராட்டினார்களாம். முன்மாதிரிக்கு என்ன விலை என்று கருத்தரங்குகளில் கேட்பதில்லை. அவர்கள் பெருக்கிக் கொடுத்த அணுக்களால் எழுந்து நடக்கிறவர்கள் இருக்கிறார்கள். எங்கள் வார்டிலேயே இருந்தார்கள். அதைச் சொல்லாமல் விட்டால் இந்தச் சித்திரம் பொய்யாகிவிடும்.

பாய் ராஜினாமா செய்வார் என்று நினைத்தேன். தாள்கூடத் தயாராக வைத்திருந்தேன். அடுத்த கூட்டத்துக்கு வழக்கம்போல் முதல் ஆளாக வந்து உட்கார்ந்தார். அதே கம்பெனி, அதே சிகிச்சை, அடுத்த கட்டம். தாள் கைக்கு வந்ததும் மூலையை மடித்தார். "சரக்கு யாருது?" என்றார். எழுதியிருக்கிறது, நோயாளியுடையது என்றார் கம்பெனிப் பெண்மணி. தலையை ஆட்டிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினார். பிறகு நிமிர்ந்தார்.

"டெலிவரி எப்போ?"

அந்தப் பெண்மணி டாக்டரைப் பார்த்தார். டாக்டர் என்னைப் பார்த்தார். குழு அனுமதி கொடுக்க ஆகும் நாள், எடுத்து அனுப்ப ஆகும் நாள், செய்து முடிக்க ஆகும் நாள், தேறாவிட்டால் மேலிடத்து அனுமதிக்கு ஆகும் நாள், எல்லாவற்றையும் இப்போதே எழுதிக் கொடுங்கள் என்றார் பாய். எங்கள் குழுவுக்கு ஆகும் நாளை முதலில் எழுதச் சொன்னார். கேள்வி நன்றாயிருக்கிறது பாய் என்று தலைவர் மெச்சினார்.

"என் கேள்வி இல்ல சார். ஆம்பூர் கட்டர் கேட்டது," என்றார் பாய். பிறகு என் பக்கம் திரும்பி, "மினிட்ஸ்ல அவர் பேர்லயே எழுதுங்க."

நோயாளியின் பெயரை மினிட்ஸில் எழுத விதி இடம் கொடுக்காது. ஆம்பூர் கட்டர் ஒருவர் கேட்டது என்று எழுதினேன். அடுத்த கூட்டத்தில் அதை வாசித்தேன். யாருக்கும் ஆட்சேபணை இல்லை.